வருந்தியவரும் வஞ்சிக்கப்பட்டவரும்

விற்ற பொருள் திரும்பி வரும்போது விற்றவர் எதற்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வியை, கடைக்கணக்கு சம்பந்தப்பட்டது என்று இந்நாட்டு அறநூல்கள் ஒதுக்கிவிடவில்லை. கொலை, களவு, வாரிசுரிமை ஆகியவற்றை ஆராய்ந்த அதே ஏடுகளில் அதற்கும் தனி இயல் வகுத்தன. அந்நூல்களைப் படிப்பவர் முதலில் காண்பது, பொருளோடு திரும்பி வருபவர் இரு வகையினர் என்ற தெளிவு. ஒருவர் குறையுள்ள பொருளைப் பெற்று வஞ்சிக்கப்பட்டவர். மற்றொருவர் குறையற்ற பொருளை வாங்கிச் சென்று, வீட்டில் விரித்துப் பார்த்து, வாங்கியதற்காக வருந்துபவர். முன்னவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது கடன். பின்னவருக்குத் தருவது பொறை. டெல்லியில் நூற்றாண்டுகளாக வேரூன்றியிருக்கும் இந்துச் சட்ட மரபும் இஸ்லாமியச் சட்ட மரபும் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால் பிரித்தே வைத்திருந்தன. அதே டெல்லியிலிருந்து இன்று இணையவழி விற்கப்படும் பொருள்களின் ‘ரிட்டர்ன்’ முறை இரண்டையும் ஒரே பொத்தானுக்குள் அடைத்துவிட்டது என்பதும், அதனால் முதலில் சேதமடைவது உண்மை பேசும் பழக்கமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தரும சாத்திரங்கள் வழக்குகளைப் பதினெட்டு வகையாகப் பகுக்கின்றன. ‘விவகார பதம்’ எனப்படும் அப்பகுப்பில், வாங்கல் விற்றல் பற்றிய மனமாற்றம் ஒரு தனி வகை. மனுவின் நூல் அதைக் ‘கிரயவிக்கிரய அனுசயம்’ என்கிறது. கிரயம் என்பது வாங்குதல், விக்கிரயம் என்பது விற்றல், அனுசயம் என்பது செய்த செயலைத் தொடர்ந்து வந்து நெஞ்சில் படுத்துக்கொள்ளும் வருத்தம். வாங்கியவரானாலும் விற்றவரானாலும் பத்து நாள்களுக்குள் வருந்தினால் பொருளைத் திருப்பலாம், திரும்பப் பெறலாம் என்பதும், அக்கெடு கடந்தபின் வற்புறுத்துபவர் அரசனுக்குத் தண்டம் இறுக்கவேண்டும் என்பதும் மனுவின் விதிகள். வாங்கியவருக்கு மட்டுமன்றி விற்றவருக்கும் வருந்தும் உரிமை உண்டு என்று அந்நூல் கருதியது இன்றைய வாசகரைச் சற்று நிறுத்தி யோசிக்கவைக்கும். கௌடலியரின் அர்த்தசாத்திரமும் மூன்றாம் அதிகரணத்தின் பதினைந்தாம் அத்தியாயத்தில் இதையே எடுத்துக்கொண்டு, வணிகருக்கு ஒரு நாள், உழவருக்கு மூன்று நாள், ஆயருக்கு ஐந்து நாள் எனத் தொழிலுக்கேற்பக் கெடு வைக்கிறது.

நாரத ஸ்மிருதி இன்னும் நுணுக்கமாகச் செல்கிறது. பால் மாட்டைப் பரிசோதிக்க மூன்று நாள், பொதி சுமக்கும் விலங்குக்கு ஐந்து நாள், முத்துக்கும் மணிக்கும் ஏழு நாள், தானியத்துக்குப் பத்து நாள், இரும்புக்கும் துணிக்கும் ஒரே ஒரு நாள் என்று அது பட்டியலிடுகிறது. (அதே பட்டியலில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களுக்கும் கெடு இருக்கிறது; அந்த அநீதியை மறைத்துவிட்டு நூலைப் பாராட்டுவது நேர்மையாகாது.) துணிக்கு ஒரு நாள் போதும் என்பதன் காரணம் எளிது: விரித்துப் பார்த்தால் தெரிவதுதான் துணியின் குறை, அதற்கு மேல் வைத்திருப்பவர் உடுத்திப் பார்க்கிறார். வெறும் மனமாற்றத்துக்கு விதி வேறு: வாங்கியது தவறு என்று அன்றே உணர்ந்தவர் பொருளைக் கெடுக்காமல் அன்றே திருப்பினால் முழு விலையும் பெறுவார். மறுநாள் திருப்பினால் விலையில் முப்பதில் ஒரு பங்கை இழப்பார். மூன்றாம் நாள் அதைப்போல் இருமடங்கு இழப்பார். அதன்பின் பொருள் அவருடையதே. இங்கே வருத்தத்திற்கு இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. அந்த விலையை வருந்துபவரே செலுத்துகிறார். வஞ்சனைக்கு வரும்போது நாரதரின் குரல் முற்றிலும் மாறுகிறது. குறையற்ற ஒன்றைக் காட்டிவிட்டுக் குறையுள்ள இன்னொன்றைக் கொடுத்த விற்பனையாளர் விலையைப்போல் இருமடங்கை வாங்கியவருக்கும், அதற்குச் சமமான தண்டத்தை அரசனுக்கும் கொடுக்கவேண்டும். படத்தில் ஒன்றும் பார்சலில் வேறொன்றுமாக வரும் இன்றைய வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான பழைய விதி கிடைப்பது அரிது.

அனுசயம் என்ற இச்சொல் சந்தையோடு நின்றுவிடவில்லை. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம், மறுமையில் வினைப்பயனை நுகர்ந்து முடித்த உயிர் மீண்டும் பிறவிக்குத் திரும்பும்போது எஞ்சிய வினையோடு திரும்புகிறது என்று கூறும் இடத்தில், அந்த எச்சத்துக்கு அனுசயம் என்றே பெயரிடுகிறது. நெய்யை ஊற்றிய பின்னும் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பிசுக்கைச் சிலர் அதற்கு ஒப்புமை காட்டியதை ஆதிசங்கரரின் உரை எடுத்துரைக்கிறது. பௌத்தத்தின் பாலி நூல்கள் உள்ளத்தின் அடியில் உறங்கும் நாட்டங்களை அனுசயம் என்கின்றன. சட்டம், வேதாந்தம், பௌத்தம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லைக் கையாள்வதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. கைமாறிய பொருளும் முடிந்துபோன செயலும் முழுதாக முடிவதில்லை, ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற பார்வை மூன்றிலும் ஓடுகிறது. விற்பனை முடிந்தது, பணம் வந்தது, இனிப் பேச்சில்லை என்று சொல்லும் வணிகர், தமக்கும் வாங்கியவருக்கும் இடையே ஒட்டியிருக்கும் அந்தப் பிசுக்கைக் காண மறுப்பவர்.

டெல்லியின் மற்றொரு பெருமரபான இஸ்லாமியச் சட்டம் இதே நிலத்தை வேறு வழியாக அளந்தது. அம்மரபில் ‘கியார்’ என்றால் ஒப்பந்தத்தை நிலைநிறுத்தவோ முறிக்கவோ ஒருவருக்குள்ள தெரிவுரிமை. வட இந்திய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றுவதும், 17ஆம் நூற்றாண்டில் ஔரங்கசீப்பின் ஆணையால் அறிஞர் குழு ஒன்று தொகுத்த ‘ஃபதாவா-இ-ஆலம்கீரி’ என்னும் பெருந்தொகுப்பு சார்ந்திருப்பதும் ஹனஃபி சட்டப்பள்ளி. அப்பள்ளி, குறை கண்டால் திருப்பும் உரிமையோடு, ‘கியாருர் ருஃயா’ எனப்படும் பார்வைத் தெரிவையும் ஏற்கிறது: பொருளைக் காணாமலே வாங்கியவர், கண்டபின், குறை ஏதும் இல்லாவிட்டாலும், திருப்பிவிடலாம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி பள்ளியோ, காணாத பொருளின் விற்பனையே செல்லாது என்பதைத் தன் உறுதியான கருத்தாகக் கொண்டது. படத்தை மட்டும் பார்த்து வாங்கும் இக்காலத்தின் முன்னால் இவ்விரு நிலைப்பாடுகளையும் வைத்துப் பார்த்தால், இரண்டுமே ஓர் அச்சத்தில் பிறந்தவை என்பது விளங்கும். காணாமல் கொடுக்கும் ஒப்புதல் முழு ஒப்புதல் ஆகாது என்பதே அந்த அச்சம். ஒரு பள்ளி அதைத் தடையால் தீர்த்தது, மற்றது திருப்பும் உரிமையால் தீர்த்தது.

அந்த உரிமை யாருக்கு என்பதிலும் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. கலீஃபா உஸ்மான் தாம் கண்டிராத நிலத்தைத் தல்ஹாவுக்கு விற்றதாகவும், தல்ஹாவும் அதைக் காணாமலே வாங்கியதாகவும், தெரிவுரிமை தமக்கே என்று இருவரும் கருதியபோது நடுவராக அமர்ந்த ஜுபைர் இப்னு முத்இம் அதை வாங்கியவருக்கே வழங்கியதாகவும் ஹனஃபி நூலான ‘ஹிதாயா’ பதிவு செய்கிறது. அதே நூல் துணிக்கடைக்கு நேரே பொருந்தும் வழக்கொன்றையும் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் துணி வாங்கி, தைப்பதற்காக வெட்டியபின் அதில் முன்பே இருந்த குறையைக் காண்கிறார். வெட்டிய துணியை விற்றவர் தலையில் கட்டுவது அவருக்கு அநீதி. குறைக்கு ஈடின்றி வாங்கியவரே வைத்துக்கொள்வது இவருக்கு அநீதி. எனவே பொருள் திரும்புவதில்லை, குறையின் மதிப்பு மட்டும் திரும்புகிறது; வெட்டிய நிலையிலேயே வாங்கிக்கொள்ள விற்றவர் இசைந்தால் அவ்வாறும் செய்யலாம். இரு பக்கத்துச் சேதத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் இந்தப் பொறுமைதான் சட்டச் சிந்தனையின் அழகு.

குறையும் இல்லை, காணாமல் வாங்கியதும் இல்லை, வெறுமனே மனம் மாறிவிட்டது என்றால் அதற்கு அம்மரபில் ‘இகாலா’ என்று வேறு பெயர். இரு தரப்பும் இசைந்து, கொடுத்த விலைக்கே, கூடவும் குறையவும் இன்றி, விற்பனையைக் கலைப்பது இகாலா. விற்றவரை இதற்குக் கட்டாயப்படுத்த எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை. ஆனால் வருந்தி வந்தவரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பவரின் சறுக்கல்களை இறைவன் மறுமையில் விடுவிப்பான் என்னும் பொருளுடைய நபிமொழி, கட்டாயம் முடிந்த இடத்தில் ஒரு வேண்டுகோளை வைக்கிறது. சமஸ்கிருத நூல்களும் அரபு நூல்களும் ஒன்றையொன்று அறியாமலே, திரும்பி வருபவரை ‘வருந்துபவர்’ என்று அழைத்திருக்கின்றன. நெஞ்சில் உறுத்தலோடு வாசலில் நிற்பவரை எதிரியாகக் காணவேண்டாம் என்பது அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஜைனர்களின் தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை நோன்பை ஏற்ற இல்லறத்தார் தவிர்க்கவேண்டிய ஐந்து வழுக்களுள் பொய்யளவையையும், நல்ல பொருளைப்போல் போலியைத் தள்ளிவிடும் ‘பிரதிரூபக வியவகார’த்தையும் சேர்க்கிறது. செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சவுக்கின் தலைவாயிலில் நிற்கும் லால் மந்திர் என்னும் ஜைனக் கோயிலின் அடியார்களுள் வணிகர் குடும்பங்கள் பல என்பதால் இந்நோன்பு அவ்வீதிக்கு அந்நியமானதன்று.

நெஞ்சை நம்பாமல் அச்சத்தை நம்பிய ஆட்சியையும் டெல்லி கண்டிருக்கிறது. 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி தானியத்துக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை வகுத்து, ‘சராய் அத்ல்’ என்ற துணிச்சந்தையை நிறுவி, சந்தைக் கண்காணிப்பாளரை நியமித்தார். சிறுவர்களைக் காசு கொடுத்துக் கடைகளுக்கு அனுப்பி, அவர்கள் வாங்கி வந்ததை நிறுத்துப் பார்த்து, எடை குறைந்தால் குறைந்த அளவுக்குக் கடைக்காரரின் உடலிலிருந்தே சதை அறுக்கப்பட்டது என்று வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி எழுதுகிறார். எடை சரியாயிற்று என்பதையும் அவரே பதிவு செய்கிறார். அலாவுதீன் மறைந்து அவர் மகன் ஆட்சிக்கு வந்ததும் சந்தை பழைய நிலைக்கே திரும்பியது என்பதையும் அவரே பதிவு செய்கிறார். கண்காணிப்பு எடையைச் சரிசெய்யும், எடை போடுபவரைச் சரிசெய்யாது என்பதற்கு டெல்லியின் வரலாற்றிலேயே கிடைக்கும் சான்று இது.

யமுனைக்குக் கிழக்கே உள்ள காந்தி நகர் ஆயத்த ஆடைச் சந்தையில் இணையவழி விற்கும் சிறு வணிகர்களின் கிடங்குகளில் இக்காலக் கண்காணிப்பின் வடிவத்தைக் காணலாம். திரும்பி வந்த பார்சல்கள் மூலையில் குவிந்திருக்கும். வாசலிலேயே பெறப்படாமல் திரும்பியவை ‘ஆர்டிஓ’ என்றும், பெற்றுப் பிரித்தபின் அனுப்பப்பட்டவை ‘கஸ்டமர் ரிட்டர்ன்’ என்றும் தனித்தனியே அடுக்கப்படுகின்றன. மேசைக்கு மேல் ஒரு செல்பேசி கம்பியில் பொருத்தப்பட்டு ஓடிக்கொண்டிருக்க, வேலையாள் முதலில் பார்கோடைக் கேமராவுக்குக் காட்டுகிறார். பின் டேப்பை அறுத்து, குர்த்தியை வெளியே எடுத்து, முன்புறம், பின்புறம், உட்தையல் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டுகிறார். சில வேளைகளில் காலரில் மஞ்சள் கறை இருக்கும், அக்குளில் வியர்வை உலர்ந்த வளையம் இருக்கும், டேக் பிய்க்கப்பட்டு நூல் மட்டும் தொங்கும். சில வேளைகளில் குர்த்திக்குப் பதில் பழைய துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வீடியோ இல்லையென்றால் தளத்திடம் இழப்பீடு கேட்க வேறு சான்று கிடைப்பது கடினம். மறுமுனையில் வாங்கியவரும் பார்சலைப் பிரிக்கும்போது தம் பங்குக்கு வீடியோ எடுக்கிறார். ஒருவரையொருவர் ஒருபோதும் காணாத இருவர், ஒரே துணியின் மீது, ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நிறுவுவதற்கான ஆதாரத்தை முன்கூட்டியே சேகரித்துக்கொள்கிறார்கள். அலாவுதீன் அனுப்பிய சிறுவர்கள் இப்போது இரு வீடுகளிலும் குடியேறிவிட்டார்கள்.

இதற்குச் சட்டத்தின் குறைபாட்டை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பங்கு உண்டு. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட கெடுவுக்குள், அல்லது கெடு குறிக்கப்படாதபோது முப்பது நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. மூன்று நாள் கழித்து அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகள், பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ, விளம்பரப்படுத்திய தன்மைகள் இல்லாததாகவோ, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்ததாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்பப் பெறவும் பணம் தரவும் மறுக்கக்கூடாது என்கின்றன. இவை அனைத்தும் வஞ்சிக்கப்பட்டவருக்கான விதிகள். அந்த அளவில் அவை நேரியவை, நாரதரோடும் ஹிதாயாவோடும் ஒத்துப்போகின்றவை. வருந்தியவரைப் பற்றி அவை ஒன்றும் பேசவில்லை. அந்த இடைவெளியை ஒவ்வொரு தளமும் தன் விருப்பப்படி வகுத்த கொள்கையால் நிரப்புகிறது. சில தளங்கள் ஒரே பொருளுக்கு இரண்டு விலை காட்டுகின்றன: எக்காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான பொருளோ பழுதான பொருளோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் சற்றுக் குறைந்த விலை. குறைந்த விலையைத் தேர்ந்தவர் பின்னர் மனம் மாறும்போது, திரையில் அவருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு ‘பழுது’ என்ற சொல்லின் வழியே செல்கிறது. அவர் அதைத் தொடுகிறார். ஒரு சொடுக்கில் ஒரு பொய்ச்சான்று எழுதப்படுகிறது. தையலில் பிழையில்லாத ஒரு கடைக்காரரின் பெயரில் பிழை பதிவாகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறியாணை இந்தப் பொய்யின் தேவையையே நீக்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. தொலைவிலிருந்து வாங்கியவர் பதினான்கு நாள்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமல், பின்வாங்கலாம். சரிபார்ப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் பயன்படுத்தி மதிப்பைக் குறைத்திருந்தால் அந்தக் குறைவுக்கு அவரே பொறுப்பு. திருப்பி அனுப்பும் செலவையும், விற்றவர் ஏற்காதபோது, அவரே ஏற்கிறார். காணாமல் வாங்கியவருக்கு ஹனஃபிகள் அளித்த தெரிவுரிமையும், வருந்தியவர் தம் வருத்தத்திற்கு விலை கொடுக்கவேண்டும் என்ற நாரதரின் கணக்கும் சேர்ந்த வடிவமாகவே அது தோன்றுகிறது.

இனித் தளங்களின் தாராளம் என்று புகழப்படுவதை நோக்கவேண்டும். கேள்வி கேட்காமல் திரும்பப் பெறுகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளம், பல நேரங்களில், அந்தத் திருப்பலின் சுமையைப் பொருளை விற்ற சிறு வணிகரின் கணக்கில் எழுதுகிறது: போன கூரியர், வந்த கூரியர், கசங்கிய துணி, மீண்டும் விற்க இயலாத டேக் அறுந்த ஆடை. தானம் என்பதைத் தரும நூல்கள் தன் உடைமையைத் தான் துறந்து அதைப் பிறர் உடைமை ஆக்குவது என்று வரையறுக்கின்றன. பிறர் உடைமையைக் கொடுப்பது தானமாகாது என்பது அவ்வரையறையிலேயே அடக்கம். இகாலாவும் அவ்வாறே, விற்றவரின் மனம் இசைந்தால் மட்டுமே இகாலா. காந்தி நகர்க் கிடங்குக்காரர் இசையவும் இல்லை, மறுக்கவும் இடமில்லை என்ற நிலையில் நடப்பதற்கு அருள் என்று பெயர் சூட்டுவது, அருள் என்ற சொல்லுக்கே இழுக்கு. அவரிடமிருந்து பறிபோனது பணம் மட்டுமல்ல, பொறுத்துக்கொள்வதால் வரும் புண்ணியத்துக்கான வாய்ப்பும்கூட.

இதைச் சொல்வதால் விற்பவர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார். பட்டு என்று எழுதிப் பாலியெஸ்டர் அனுப்புபவரும், அளவட்டவணையில் ஒன்றும் துணியில் வேறொன்றும் வைப்பவரும், திரும்பி வந்த கறைபடிந்த ஆடையை இஸ்திரி போட்டு அடுத்தவருக்கு அனுப்பிவிடுபவரும் சந்தையில் உண்டு. நபிகள் நாயகம் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் காணும்படி அந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று விற்றவரைக் கேட்டதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. இணையக் கடையில் ‘மேலே வைப்பது’ என்பது குறையைப் படத்திலும் வருணனையிலும் வைப்பது. தையல் அரை அங்குலம் கூடக்குறைய இருக்கலாம், முதல் சலவையில் சாயம் சற்றுப் போகும் என்று எழுதிவிடும் வணிகர் சில ஆர்டர்களை இழக்கலாம். எழுதாத வணிகர், பழுதான பொருளுக்குப் பணம் திருப்பும்போது, அதை வாடிக்கையாளருக்குச் செய்த உதவியாகக் காட்டிக்கொள்ளும் உரிமையை இழக்கிறார். கடனைச் செலுத்திவிட்டுக் கொடை என்று சொல்வது, கொடையைக் கேட்டுவிட்டுக் கடன் என்று வாதிடுவதற்கு எவ்வகையிலும் குறைந்த பொய்யன்று.

நடுவுநிலை வணிகரின் தலையாய அறம் என்று தமிழ் மரபு பட்டினப்பாலைக் காலத்திலிருந்தே கருதிவந்துள்ளது. முகம் தெரியாத இருவருக்கு இடையே நடுவுநிலையைச் சாத்தியமாக்குவது இன்று திரையின் வடிவமைப்பையும் சட்டத்தின் சொற்களையும் சார்ந்தது. எனவே 2020 விதிகளில் வருந்தியவருக்கென ஒரு பிரிவு சேர்க்கப்படவேண்டும்: துணிக்குக் குறுகிய கெடு, காரணம் கேளாமை, தேய்மானமும் திருப்பும் செலவும் வாங்கியவர் பொறுப்பு, வணிகர் கணக்கில் பழுது என்ற பதிவு கூடாது. அது வரும்வரை, பொருளில் குறையில்லாதபோது ‘பழுது’ என்ற கட்டத்தைத் தொடாதிருப்பது வாங்குபவர் கையில் இருக்கிறது. குறை இருந்தபோது வீடியோ கேட்டு இழுத்தடிக்காமல் அன்றே பணத்தைத் திருப்புவது விற்பவர் கையில் இருக்கிறது.